லண்டனுக்குப் போய்வந்த என் அக்கா

1

என்னோடு வேலை பார்க்கும் டேவ், போன மாதம் ஒரு குளியல் தொட்டி நிறையத் தக்காளிச் சாற்றில் வெந்த மொச்சையைக் கொட்டி, அதற்குள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா புற்றுநோயில் இறந்துபோனவர். அம்மாவின் நினைவாகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட இந்த ஏற்பாடு. நாங்கள் சாப்பாட்டு இடைவேளையில் வரிசையாகப் போய்ப் பார்த்து, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுவிட்டு வந்தோம். டேவ் மொச்சைக்குள்ளிருந்து கையைத் தூக்கி ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். விரலிலிருந்து சாறு சொட்டியது.

இருபத்திரண்டு வருஷமாக இங்கிலாந்தில் லிப்ட் பழுதுபார்த்துப் பிழைக்கிறேன். இருப்பது லீட்ஸ். ராஜபாளையத்துக்காரர்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான் என்பதால் ஊரில் நான் லண்டன்காரன். இத்தனை வருஷத்தில் குளிர் பழகிவிட்டது, வேகாத காய்கறி பழகிவிட்டது. செத்தவர்களுக்காக இவர்கள் செய்யும் காரியங்கள் மட்டும் பழகவில்லை. வரவேற்பு மேசையில் இருக்கும் லிண்டா, கணவர் நினைவாகத் தலையை மழித்துக்கொண்டார். நாம் மொட்டையைச் சாமிக்குக் கொடுக்கிறோம், இவர்கள் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறார்கள். இவர்களுக்கு ரசீது கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கணக்குப் பிரிவில் ஒருவர் மாமனாருக்காக ஒரு மாதம் மீசை வளர்த்தார். மீசை வளர்ப்பதற்குக் காசு கிடைக்கும் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் கோடீஸ்வரர்கள்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். என் மனைவி சுகந்தியும் சிரிப்பாள். எங்கள் மகள் ரூத், பதினாறு வயது, சிரிக்க மாட்டாள். பிளாஸ்டிக் தட்டில் சோறு தின்பது பூமிக்குக் கேடு என்பதில் தொடங்கி, எல்லாவற்றையும் எங்களுக்குத் திருத்திச் சொல்லும் வயது. "அப்பா, நீங்கள் அத்தைக்காக என்ன செய்தீர்கள்?" என்று ஒருநாள் இங்கிலீஷில் கேட்டாள். பிளெக்ஸ் வைத்தோம் என்றேன்.

பொய் இல்லை. அத்தை என்று அவள் சொல்வது என் கிரேஸ் அக்காவை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா இறந்தபோது, ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனையில் பன்னிரண்டடி பிளெக்ஸ் வைத்தோம். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று மேலே. நடுவில் அக்கா. கீழே துயருறும் உறவினர்கள், படிப்போடும் பதவியோடும். என் பேருக்குப் பக்கத்தில் லண்டன் என்று போட்டிருந்தது. அக்காவைப் பார்த்தே இராத ஒரு வார்டு கவுன்சிலர் மூலையில் கைகூப்பிக்கொண்டு நின்றார். அந்த பிளெக்ஸில் இல்லாதது ஒன்றே ஒன்று, அக்கா எதனால் செத்தாள் என்பது. கேட்டவர்களுக்கு வாயால் சொன்னோம். ஹார்ட் என்று.

2

மூன்றாம் வருஷ நினைவு நாள் வந்த வாரம், ரூத் தன் பள்ளித் தோழிகளோடு ஒரு நடைப்பயணத்துக்குப் பேர் கொடுத்திருப்பதாக அறிவித்தாள். கால்வாய்க் கரையோரமாகப் பத்து மைல். அன்பானவர்களைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கள் அவர்கள் பேரைப் பனியனில் எழுதிக்கொண்டு நடக்கிறார்கள். திரட்டிய பணம் ஆராய்ச்சிக்கு.

நடப்பதற்கு ஐந்து பக்கம் விண்ணப்பம். பெற்றோர் சம்மதம், மருந்து ஒவ்வாமை, கால்வாயில் விழுந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், படம் எடுத்தால் ஆட்சேபணை உண்டா. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு எங்கள் பக்கத்து ஜனம் மொத்தமும் வெறுங்காலோடு நடந்து போகிறது. யாரும் யாரிடமும் கையெழுத்து வாங்கிப் பார்த்ததில்லை. பொருமிக்கொண்டே ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ரூத் தனக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, அத்தை படம் போட்டு, நாலு வரி எழுதி, அதன் சுட்டியை எனக்கு அனுப்பினாள். படத்தைப் பார்த்தேன். ஹெப்சி கல்யாணத்தில் எடுத்த படம். பெருமை வந்தது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை, அத்தையை மறக்கவில்லையே என்ற பெருமை. அந்தச் சூட்டோடு சுட்டியை எங்கள் குடும்ப ஜெபக் குழுவுக்கு அனுப்பினேன். வாட்ஸப்பில் எழுபது பேர் இருக்கும் குழு அது. உறவுக்காரர்கள், சபைக்காரர்கள், தெருக்காரர்கள், யார் சேர்த்தார்கள் என்றே தெரியாத சிலர்.

ரூத் என்ன எழுதியிருந்தாள் என்று நான் படிக்கவில்லை. இங்கிலீஷ்தானே, ஊரில் யார் படிக்கப்போகிறார்கள் என்ற அலட்சியமும் ஒரு காரணம்.

படித்தவர் ஒருவர் இருந்தார். அக்கா வீட்டுக்கு எதிர்வீடு, பாக்கியம் டீச்சர். முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆமென் போட்டு நகரும் ரகம் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் படித்திருக்கிறார். படித்துவிட்டுத் தெருவைக் கடந்து போய் எங்கள் அத்தானிடம், அதாவது அக்கா கணவரிடம், இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்.

ரூத் எழுதியிருந்தது இதுதான்: "என் அத்தை மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். அவர் எங்கள் ஊருக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனால் இந்தக் கால்வாய்க் கரையில் எந்தெந்த இடத்தில் பெஞ்சு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்."

டீச்சரின் முதல் கேள்வி, கிரேஸுக்கு ஹார்ட் என்றல்லவா சொன்னீர்கள் என்பது. இரண்டாவது கேள்விதான் மோசம். கிரேஸ் மூன்று மாதம் லண்டனில் இருந்துவிட்டு வந்தாளே, அது எப்படி?

3

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஹெப்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அக்காவுக்கு இடது மார்பில் கட்டி. ஹெப்சி அக்காவின் ஒரே மகள். அக்கா கட்டியைப் பத்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அத்தானிடம்கூட. தாய்க்கு அந்த நோய் என்றால் மகளை யார் எடுப்பார்கள் என்பது அவள் கணக்கு. அத்தான் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் மேற்பார்வை. எந்தெந்த நாட்டுக் காயத்துக்கோ கட்டுப்போட எங்கள் பக்கம்தான் துணி நெய்து அனுப்புகிறோம். சொந்த வீட்டுக் காயத்தின் மேல் மட்டும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொள்வோம்.

கடைசியில் வலி தாங்காமல் அவள் சொன்னபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நல்ல சம்பந்தம் கூடி வந்திருந்தது. மதுரையில் மூன்று மாதம் தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்று மாதம் ஒருத்தி தெருவில் இல்லை என்றால் ஊர் விடுமா? அத்தான் ஒரு யோசனை சொன்னார். கிரேஸ் லண்டனில் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

நானும் சரி என்றேன். அன்றைக்கு நான் செய்தது உதவி என்றே நினைத்தேன்.

அக்காவிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. ஆனால் லண்டனுக்குப் போனவள் திரும்பி வந்து எதையாவது சொல்ல வேண்டுமே. மருத்துவமனைக்குப் பக்கத்தில் எடுத்த அறையிலிருந்து வீடியோவில் என்னைக் கூப்பிட்டுப் பாடம் கேட்பாள். "ஏலே, பனியைக் கையில எடுத்தா ஒட்டுமால? பஸ்ஸுல சீட்டு யாரு குடுப்பா?" நான் வேலைக்குப் போய்விட்டால் ரூத்தைக் கூப்பிடுவாள். ரூத்துக்கு அப்போது பதினொன்று. அத்தைக்கு நம் ஊர் பிடித்துவிட்டது என்று நினைத்து, போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் கால்வாய்க் கரையில் நடந்து காட்டுவாள். அரைகுறைத் தமிழில் வாத்து, படகு, மதகு, பெஞ்சு. அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் ஊசி குத்தியிருக்க, எல்லாவற்றையும் கேட்டு மனப்பாடம் செய்தாள்.

சாக்லேட் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து திரும்ப முடியாது. நான் அனுப்பிய பொட்டலம் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. உள்ளே இருப்பது என்ன, எதற்கு, யாருக்கு என்று மூன்று படிவம். அது வருவதற்குள் அக்கா ஊர் திரும்ப வேண்டியிருந்ததால், மதுரையிலேயே ஒரு பெரிய கடையில் வெளிநாட்டுச் சாக்லேட் வாங்கி, ரூபாய் விலை ஒட்டியிருந்ததை அத்தான் நகத்தால் சுரண்டினார். தெருவே தின்றது.

முடி கொட்டி, அப்போதுதான் அரை அங்குலம் முளைத்திருந்தது. அங்கே எல்லாரும் இப்படித்தான் வெட்டிக்கொள்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். பாக்கியம் டீச்சருக்கு அது பிடித்துப்போய், இரண்டு வாரத்தில் தன் கொண்டையை வெட்டிவிட்டு வந்து நின்றார். சபையில் ஒருவர், தன் மகனை அனுப்ப வேண்டும், விசாவுக்கு யாரைப் பிடித்தாய் என்று கேட்டார். எல்லாம் தம்பி பார்த்துக்கொண்டான் என்று சொல்லித் தப்பித்தாள். சபையில் அவளைச் சாட்சி சொல்லவும் கூப்பிட்டார்கள். கர்த்தருக்கு முன்னால் பொய் சொல்ல அவள் பயந்தாள். எழுந்து நின்று, "போன எடத்துல என்னயக் காத்து, திரும்ப வீடு கொண்டுவந்து சேத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அது சத்தியமான சாட்சி. அன்றைக்கு ஊரில் சொல்லப்பட்ட ஒரே உண்மையும் அதுதான்.

கல்யாணம் நடந்தது. ஹெப்சி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். ஒன்றரை வருஷம் கழித்து நோய் திரும்பி வந்து அக்காவைக் கொண்டுபோனது. அந்தப் பத்து மாதம் அவள் வாயைத் திறந்திருந்தால் இன்றைக்கு இருந்திருப்பாள் என்று நான் நினைக்கிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, பயந்துகொண்டு.

டாக்டர் போனில் சொன்ன வேறொன்றை நான் கேட்டேன். மகளையும் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தானிடம் சொன்னேன். கல்யாணம் முடியட்டும் என்றார். கல்யாணம் முடிந்தது. சம்பந்தி வீட்டில் என்ன சொல்லிக் கூட்டிப்போவது என்றார். ஹெப்சி காதுக்கு அது போகவே இல்லை. நானும் அதற்குமேல் பேசவில்லை. ஐந்து வருஷம்.

4

டீச்சர் போன கையோடு அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, பிள்ளட்ட சொல்லி அதை எடுக்கச் சொல்லு. எம்புட்டுப் பணம் வேணும்னு கேளு, நான் அனுப்புதேன். நடக்க மட்டும் வேண்டாம்னு சொல்லு."

நடப்பதற்குப் பணம் கொடுப்பதை இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். நடக்காமல் இருக்கப் பணம் கொடுக்க முன்வந்தவர் எங்கள் அத்தான் ஒருவர்தான்.

குழுவிலிருந்து சுட்டியை நீக்கினேன். நீக்கப்பட்டது என்று ஒரு வரி அங்கே உட்கார்ந்துகொண்டு, பார்க்காதவர்களையும் என்ன அது என்று கேட்க வைத்தது. பிறகு ரூத்திடம் போனேன். பக்கத்தை எடுக்க வேண்டாம், ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும், புற்றுநோய்க்குப் பதில் மாரடைப்பு என்று போடலாமே என்றேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஹார்ட்டுக்குத் தனி நடை இருக்கிறது அப்பா. அது அக்டோபரில். அதற்குச் சிவப்புப் பனியன்."

எனக்குக் கோபம் வந்தது. உனக்கு நம் ஊர் தெரியாது, நீ இங்கே பிறந்தவள் என்று தொடங்கி, பிள்ளைகள் மதிக்காத அந்தப் பிரசங்கத்தை முழுக்கச் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அத்தை ஏன் தினமும் பெஞ்சைப் பற்றிக் கேட்டார்கள் என்றாள். அத்தை என்ன நோயில் இறந்தார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்; அந்த மூன்று மாத லண்டன் பொய்யை அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னேன். தலையில் துண்டு கட்டியிருந்தது குளிருக்கு என்று அன்றைக்குச் சொல்லியிருந்தோம். மதுரையில் என்ன குளிர்? பதினொரு வயதுப் பிள்ளை நம்பியிருக்கிறது.

ரூத் அழுதாள். நான் அவளைப் பொய்க்குத் துணையாக வைத்துக்கொண்டேன் என்பதற்கு அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. அத்தைக்கு ஊர் உண்மையிலேயே பிடித்திருந்ததா, இல்லை பாடத்துக்காகத்தான் கேட்டார்களா என்று தெரியவில்லையே என்று அழுதாள். எனக்கும் தெரியவில்லை. பிடித்திருந்தது என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் அடுத்து கேட்டது: "ஹெப்சி செக் பண்ணியாச்சா?" மதினி என்று சொல்ல வேண்டும். வெறும் ஹெப்சி. முறை தெரியாத அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது, முறை தெரிந்த எங்கள் எழுபது பேருக்கும் தோன்றவில்லை.

இந்த வீட்டிலும் யோக்கியதை அதிகம் இல்லை. இங்கே பெண்களுக்கு ஒரு வயது வந்ததும் அரசாங்கமே கடிதம் போட்டு, மார்புப் பரிசோதனைக்கு வா என்று நாளும் நேரமும் குறித்துக் கூப்பிடுகிறது. சுகந்திக்கும் வந்தது. தபால்காரனுக்குத் தெரிந்திருக்குமோ என்று கூச்சப்பட்டு, கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தாள். தபால்காரன் பெயர் இயன். அவனுக்கு ராஜபாளையத்தில் யாரையும் தெரியாது.

5

மறுநாள் நான் பயந்த போன் வந்தது. ஹெப்சியின் மாமியார், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து. நான் மதினி என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷிதான், ஆனால் கல்யாணப் பேச்சின்போது எங்கள் மூன்று தலைமுறையின் சர்க்கரை அளவை விசாரித்தவர். மறைத்துப் பெண் கொடுத்தீர்களே என்று கேட்கப்போகிறார், ஹெப்சி அந்த வீட்டில் இனி எப்படி நடமாடுவாள் என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்தேன். மன்னிப்புக்கு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

மதினி வானிலை விசாரித்தார். சுகந்தியை விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உங்க பிள்ளை அந்தப் பனியன்ல பேரு எழுதுதாம்லா. எங்க அக்கா பேரையும் எழுதச் சொல்லுங்க. அன்னம்மா. பேரு மட்டும் போதும், ஊரு வேண்டாம்."

அவருடைய அக்கா மஞ்சள் காமாலையில் இறந்ததாக எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதையும் அவரே சொன்னார், காமாலை இல்லை, உங்கள் அக்காவுக்கு வந்ததேதான் என்று. எங்களைப் பற்றி எப்போது தெரியும் என்று கேட்டேன். கல்யாணத்தன்றே தெரியும் என்றார். அக்காவின் இடது கை வீங்கியிருந்ததைப் பார்த்திருக்கிறார். ஜாக்கெட்டின் கையை அந்தப் பக்கம் மட்டும் தளர்த்தித் தைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். அவருடைய அக்காவும் கடைசியில் அப்படித்தான் தைத்துப் போட்டாளாம்.

"நீங்க சொல்லல, நானும் கேக்கல" என்றார். "கேட்டா எங்க கதையும் வெளிய வரும்லா. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு."

ஆக, அந்தப் பந்தலில் இரண்டு சம்பந்திகளும் ஒரே பொய்யைத் தூக்கிக்கொண்டு எதிரெதிரே நின்று மாலை மாற்றியிருக்கிறார்கள். ஒருவர் மறைக்கிறார் என்று மற்றவர் மறைத்து, நடுவில் ஹெப்சி ஐந்து வருஷமாக ஒரு ஸ்கேன் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறாள். சிரிக்கத்தான் வேண்டும். தயாராக வைத்திருந்த வாக்கியத்தை விட்டுவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மதினி, ஹெப்சிக்கு ஸ்கேன் பாக்கணும்னு டாக்டர் அப்பமே சொன்னாரு. எனக்குத் தெரியும். நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினார். பிறகு, "நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கடுத்த பத்து நாள் என் போனுக்குத் தனித்தனியாகச் செய்திகள் வந்தன. குழுவில் இல்லை, தனியாக. பனியன் சேதி எப்படியோ பரவியிருந்தது. வ. புதுப்பட்டியிலிருந்து எங்கள் சித்தி ஒருத்தி, அவள் நாத்தனார் பேரை அனுப்பினாள். விசாவுக்கு யாரைப் பிடித்தாய் என்று கேட்டாரே, அந்தச் சபைக்காரர், அவருடைய தாயார் பேரை அனுப்பினார். அய்யனார் கோவில் அருவிக்கு எங்களை வாலிபர் கூட்டத்தில் கூட்டிப்போன அண்ணன் ஒருவர், மனைவி பேரை. ஒவ்வொருவரும் கடைசியில் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். அல்சர் என்றும், காமாலை என்றும், ஹார்ட் என்றும் நான் துக்கம் விசாரித்த ஆட்கள் எல்லாரும் ஒரே பட்டியலில் வந்து நின்றார்கள். பதினான்கு பேர். எங்கள் பக்கத்து ஜனத்துக்கு இருதயம் இவ்வளவு பலவீனமா என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு. இருதயத்துக்கு ஒன்றும் இல்லை. வாய்தான்.

அத்தான் மட்டும் பேசவில்லை. நடைக்கு முந்தின நாள் ஒரு படம் அனுப்பினார். அக்கா ஆஸ்பத்திரி அறையில், தலையில் துண்டோடு, போனைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது. போன் திரையில் சின்னதாகக் கால்வாயும் ஒரு வாத்தும் தெரிந்தன. ரூத்திடம் காட்டினேன். பாடம் படிக்கிறவர்கள் இப்படிச் சிரிக்க மாட்டார்கள் என்று அவளே சொல்லிக்கொண்டாள். தன் இணையப் பக்கத்தில் கல்யாணப் படத்தை எடுத்துவிட்டு இந்தப் படத்தைப் போட்டாள்.

6

ரூத் நடந்தாள். ரோஸ் நிறப் பனியனின் முதுகில் இடமில்லாமல், கடைசி மூன்று பேரைக் கையில் எழுதிக்கொண்டாள். அன்னம்மா என்பதற்கு எத்தனை எழுத்து என்று என்னிடம் கேட்டுக்கேட்டு எழுதினாள். ஊர் போடவில்லை. வாக்குக் கொடுத்திருந்தோம்.

நானும் கூட நடந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு ஆள் பூதாகரமான மாம்பழ உடையில் போய்க்கொண்டிருந்தான், தங்கைக்காக. ஒரு கிழவர் மனைவியின் படத்தைத் தொப்பியில் குத்தியிருந்தார். டேவ் வந்திருந்தார், மொச்சை இல்லாமல். யாருக்காக என்று கேட்டார். அக்காவுக்காக என்றேன். ஹார்ட் என்றல்லவா சொன்னாய் என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் ஆயிரம் விஷயம் பேசியிருக்கிறேன். புற்றுநோய் என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்கு எனக்கு இரண்டு பெஞ்சுத் தூரம் ஆனது. அக்கா செத்து, நான் ஊருக்குப் போய்வந்து வேலைக்குத் திரும்பியபோது, டேவிடம் ஹார்ட் என்றுதான் சொல்லியிருந்தேன். இங்கே யாருக்கும் ஹெப்சியைக் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் அன்றைக்கு அப்படிச் சொன்னேன். மொச்சைத் தொட்டியில் உட்கார்ந்த மனிதரைப் பார்த்துச் சிரித்த வாய் இது.

வீட்டுக்கு வந்தபோது, அரிசி டின்னுக்கு அடியிலிருந்த கடிதம் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஹெப்சி கூப்பிட்டாள். மதுரைக்குப் போய் வந்துவிட்டாளாம். ஒன்றும் இல்லை என்றார்களாம், வருஷத்துக்கொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்களாம். நான் சோபாவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபிறகுதான் அதுவரை நின்றுகொண்டிருந்தது தெரிந்தது.

பிறகு அவள் பஸ் கதையைச் சொன்னாள். இதை எழுதுங்கள் மாமா என்று சொன்னதும் அவள்தான்.

அவளும் மாமியாரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம்–மதுரை பஸ்ஸைப் பிடித்து ஏறினால், உள்ளே பாக்கியம் டீச்சர். ராஜபாளையத்திலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். திருமங்கலத்தில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக் காரியமாம். மாமியாரும் மருமகளும் சேர்ந்து எங்கே என்று கேட்டிருக்கிறார். மாமியார் சேலை எடுக்க என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஹெப்சி சொல்லிவிட்டாள்: "மதுரைக்கு டீச்சர். மார்புல ஸ்கேன் பாக்க."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். அவ்வளவுதான், நாளைக்கு ராஜபாளையம் முழுக்கச் செய்தி என்று மாமியார் மருமகள் கையைக் கிள்ளியிருக்கிறார். கிருஷ்ணன்கோவில் போயிற்று. கல்லுப்பட்டி போயிற்று. திருமங்கலமும் வந்தது. டீச்சர் இறங்கவில்லை. பஸ் கிளம்பியதும், திரும்பிப் பார்க்காமலேயே கேட்டிருக்கிறார்.

"எம்புட்டு நேரம் ஆகும்? நானும் வாரேன்."

மூன்று பேருமாகப் போயிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் பார்த்திருக்கிறார்கள். டீச்சரை மட்டும் இன்னொரு பரிசோதனைக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள், சின்னதாக ஏதோ, சீக்கிரம் வந்தது நல்லது என்றார்களாம். வரிசையில் காத்திருக்கும்போது டீச்சர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசியது ஹெப்சிக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. சேலைக் கடையில் ஒரே கூட்டம், வர நேரமாகும், சோற்றை நீங்களே போட்டுச் சாப்பிடுங்கள் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

ஹெப்சி சிரித்தாள். நானும் சிரித்தேன், பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அக்கா இதே ஆஸ்பத்திரிக்குப் போக லண்டன் வரைக்கும் போக வேண்டியிருந்தது. டீச்சர் மதுரைச் சேலைக் கடை வரைக்கும்தான் போயிருக்கிறார். பரவாயில்லை, தூரம் குறைந்திருக்கிறது.